ஐந்தில் நாலு புள்ளி

மதுரையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். எல்.இ.டி. டிவி வீடுவீடாகப் புகுந்த காலத்தில் என்னிடம் அதிகம் வந்த புகாருக்கு ரிப்பேரே கிடையாது. "அண்ணே, புது டிவி, படம் கலங்கலா இருக்கு. பழைய டப்பாவுலயே பளிச்சுனு தெரிஞ்சுச்சே?" கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை. டப்பாவில் நன்றாகத்தான் தெரிந்தது. காரணம் பழைய கோட்டுக் கணக்கில் இருக்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. நம் நாடு எடுத்துக்கொண்டது 625 கோடு முறை. அதில் கண்ணுக்குத் தெரியும் படம் 576 கோடுகள். 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டையொட்டிக் கலர் வந்தபோதும் கோட்டுக் கணக்கு மாறவில்லை. அப்போது தென் மாவட்டங்களில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினியைப் பிடிப்பதற்கே மொட்டைமாடியில் நெட்டைக் குழாய் நட்டு, பூஸ்டர் மாட்டி, இலங்கைப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். புள்ளி மழைக்கு நடுவே முகம் தெரிந்தாலே போதும்.

வினாடிக்கு 25 முழுப்படம் மட்டும் காட்டினால் திரை மினுக்கும். ஐம்பதாகக் கூட்டினால் அலைவரிசையில் இடம் போதாது. ஆகவே 1930களிலேயே ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: ஒற்றைப்படைக் கோடுகள் முதலில், இரட்டைப்படைக் கோடுகள் அடுத்து, வினாடிக்கு 50 அரைப்படங்கள். பிக்சர் டியூப் இதற்கென்றே பிறந்த சாமான். எலக்ட்ரான் கற்றை கோடு போட்டுக்கொண்டே இறங்கும். பாஸ்பர் ஒளிர்ந்து அணையும். கோட்டின் ஓரம் லேசாகக் கசிந்து பக்கத்துக் கோட்டோடு கலக்கும். அந்தக் கசிவுதான் படத்துக்கு அரிதாரம். ஓரத்துக் குறைகள் டியூபின் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. ஸ்டுடியோவில் போட்ட தட்டி செட்டின் ஒட்டுப்போட்ட மூலைகூடத் தெரியாது.

தட்டைத் திரைக்குக் கசியத் தெரியாது. 1920க்கு 1080 என்றால் 20,73,600 புள்ளி. வருகிற படமோ 720க்கு 576, அதாவது 4,14,720. வகுத்துப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. ஐந்தில் நாலு புள்ளியை டிவியே ஊகித்து நிரப்புகிறது. வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு அரைப்படங்களையும் அதுவே ஒட்டவும் வேண்டும். மலிவு செட்டுகள் இதில் சொதப்பும். ஓடுகிற பேட்ஸ்மேனின் காலோரம் சீப்புப் பல்லாகக் கிழியும்.

செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு இன்னொரு வினை சேர்ந்தது. நிறைய சேனல்களைத் திணிக்கப் படத்தை இறுக்கி அனுப்புகிறார்கள்; வேகமான காட்சியில் கட்டம் கட்டமாக உடைகிறது. இருபத்தோரு அங்குல டப்பாவில் அது கரைந்துபோனது. நாற்பத்து மூன்று அங்குலத் திரையின் பரப்பு அதைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு. உட்காரும் நாற்காலி மட்டும் அதே இடத்தில். இதில் எச்டி பாக்ஸ் வாங்கிவிட்டு, பழைய மஞ்சள்–சிவப்பு–வெள்ளை வயரிலேயே இணைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அந்த மஞ்சள் வயரில் எச்டி ஏறவே ஏறாது.

நான் செய்வது கொஞ்சம்தான். ஷார்ப்னஸைக் குறைப்பேன், எச்டிஎம்ஐ வயர் மாட்டுவேன், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளச் சொல்வேன். பழைய படத்தை 4:3இல் வைத்துக் காட்டுவேன். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊதியிருந்த சிவாஜி உடனே இளைப்பார், ஆனால் இருபுறமும் கறுப்புப் பட்டை நிற்கும். அதைத்தான் யாரும் சகிப்பதில்லை. "காசு குடுத்து வாங்குன திரை முழுசாத் தெரியணும்ல?" என்று ரிமோட்டை வாங்கி மறுபடி இழுத்துவிடுவார்கள்.