குடும்ப அட்டையிலிருந்து கைரேகைக்கு: நியாய விலைக் கடை விற்பனை முனையக் கருவியின் வரலாறு – சித்தேரி மலையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் 2016 முதல் பயன்பாட்டுக்கு வந்த விற்பனை முனையக் கருவி, தோற்றத்தில் ஒரு சிறு விற்பனைப் பொறியே. ஆயினும் அதன் மென்பொருள் மாற்றப்பட்ட ஒவ்வொரு முறையும், பொருள் பெற வருபவர் எதைக் காட்டித் தம் உரிமையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதியும் மாறியது. அம்மாற்றங்களின் வரிசையை இக்கட்டுரை ஆராய்கிறது. தருமபுரி மாவட்டச் சித்தேரி மலை ஊராட்சியின் நில அமைப்பை அளவுகோலாகக் கொண்டு நோக்கும்போது, வாங்குபவரைச் சரிபார்க்கும் மாற்றம் முந்தியும், விற்கப்படும் எடையைச் சரிபார்க்கும் மாற்றம் பிந்தியும் வந்தமை தற்செயலான தொழில்நுட்ப வரிசையாகத் தோன்றவில்லை என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: நியாய விலைக் கடை, விற்பனை முனையக் கருவி, குடும்ப அட்டை, கைரேகை, சித்தேரி, மலையாளிப் பழங்குடியினர்.

மலையும் கடையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சித்தேரி, பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், அரூர் ஊராட்சி ஒன்றியத்துக்கு உட்பட்டது. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். ஊராட்சி என்ற ஒற்றைச் சொல் இங்குச் சிறிது ஏமாற்றும். மலை முகடுகளிலும் பள்ளங்களிலும் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் கூட்டே சித்தேரி ஊராட்சி. அரூரிலிருந்து மலைச்சாலை வழியே சித்தேரியை அடையலாம். ஆனால் அதே ஊராட்சியின் அரசநத்தம், கலசப்பாடி போன்ற ஊர்கள் நெடுங்காலம் முறையான சாலையின்றி இருந்தவை. அவ்வூரார்க்கு வெளியுலகின் வாயில், 1992-ஆம் ஆண்டு நிகழ்வால் நாடறிந்த அடிவாரச் சிற்றூரான வாச்சாத்தியே.

இத்தகைய நிலத்தில் நியாய விலைக் கடை என்பது நகரத் தெருமுனைக் கடையைப் போன்றதன்று. அந்தியோதயா அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ அரிசி உண்டு. அதைச் சமவெளியில் மிதிவண்டியில் ஏற்றிவிடலாம். மலைப்பாதையில் அது ஒருவரின் தலைச்சுமை. ஆகவே கடைக்கு யார் போவது, எத்தனை முறை போவது என்பவை இங்கு ஒவ்வொரு குடும்பமும் கணக்கிட்டு முடிவு செய்யும் செய்திகள். கருவியின் வரலாற்றை இம்மலையிலிருந்து நோக்குவதற்கு இதுவே காரணம்.

ஏட்டுக் கணக்குக் காலம்

சென்னை மாகாணத்தில் உணவுப் பங்கீடு இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல் தொடங்கியது. 1952-இல் இராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். அறுபதுகளின் உணவு நெருக்கடி அதை வேறு வடிவில் மீட்டது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவப்பட்டபின், கழகம் கொள்முதலையும் கிடங்கையும் கவனிக்க, கூட்டுறவுச் சங்கங்கள் பெரும்பாலான கடைகளை நடத்தும் ஏற்பாடு நிலைபெற்றது. பழங்குடிப் பகுதிகளில் இப்பொறுப்பு மலைவாழ் மக்களுக்கான பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உரியதாயிற்று. 1997-இல் நடுவண் அரசு இலக்கு நோக்கிய பங்கீட்டைக் கொண்டுவந்தபோதும் தமிழ்நாடு அனைவர்க்குமான பங்கீட்டைக் கைவிடவில்லை.

இக்காலம் முழுவதும் கடையின் கணக்கு மூன்று இடங்களில் இருந்தது: விற்பனையாளரின் பதிவேட்டில், கையால் எழுதிய பட்டியலில், குடும்பத்தாரின் அட்டையில். 2005-இல் வழங்கப்பட்ட அட்டைகளின் காலம் 2009-இல் முடிந்தும் புதிய அட்டை வரவில்லை. ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டியே அவை நீட்டிக்கப்பட்டன. கிழிந்து, நைந்து, உள்தாள்களால் தடித்துப்போன அவ்வட்டைக்கு ஒரு சிறப்பு இருந்தது. எழுத்தறிந்த எவரும் அதைப் புரட்டி, எந்த மாதம் எது வாங்கப்பட்டது என்று படித்துவிடலாம். கணக்கின் ஒரு படி வீட்டுக்குள்ளேயே இருந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இம்முறையின் குறையும் வெளிப்படையானதே. வாங்காத பொருளை வாங்கியதாக எழுதிவிட்டு வெளிச்சந்தையில் விற்பது எளிது. இல்லாதவர் பெயரிலும் அட்டை இருக்கக் கூடும். பிற மாநிலங்களோடு ஒப்பிடத் தமிழ்நாட்டில் கசிவு குறைவு என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற செய்தி. எனினும் குறைவு என்பது இன்மை ஆகாது.

கருவியின் வருகை

2016-இல் கடைகளுக்கு வந்த கருவி முதலில் விற்பனைக்குப் பயன்படவில்லை; பதிவுக்கே பயன்பட்டது. குடும்ப உறுப்பினர்களின் ஆதார் அட்டைகளை விற்பனையாளர் அதில் வருடிப் பதிந்தார். தொலைபேசி எண்ணும் சேர்க்கப்பட்டது. அரிசியும் சர்க்கரையும் நிறுக்கக் கற்றிருந்த ஒருவர் திடீரென மக்கள்தொகைப் பதிவாளரின் வேலையையும் செய்ய நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தமையால், அட்டைகளை முன்னுரிமை, முன்னுரிமையற்றவை எனப் பிரிக்கும் புதிய வகைப்பாடும் அத்தரவின்மீதே ஏற்றப்பட்டது.

அவ்வாறு திரட்டிய தரவைக் கொண்டே 2017 ஏப்ரல் 1 முதல் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. பதிவில் நேர்ந்த பிழை அட்டையில் அச்சாகி வந்தது. பெயர்ப்பிழை, பிறந்த ஆண்டுப் பிழை ஆகியவற்றோடு படப்பிழையும் நேர்ந்தது. அண்டை மாவட்டமான சேலத்தில் ஓமலூர் அருகே ஒரு பெண்ணின் அட்டையில் நடிகை காஜல் அகர்வாலின் படம் அச்சாகியிருந்தது அன்றைய நாளிதழ்களில் நகைச்சுவைச் செய்தியாயிற்று. ஆனால் ஒரு பெயர்த் திருத்தத்துக்கு மலையிலிருந்து வட்ட வழங்கல் அலுவலகம்வரை இறங்கிச் செல்ல வேண்டியவர்க்கு அது நகைச்சுவையாக இருந்திராது.

முதற்கட்ட மென்பொருளின் இயக்கம் எளியது. அட்டையிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கருவி வருடும். அக்குடும்பத்துக்கு அம்மாதம் எஞ்சியுள்ள ஒதுக்கீடு திரையில் தோன்றும். விற்பனையாளர் அளவை உள்ளிட்டுப் பட்டியல் இடுவார். கடை இருப்பு அவ்வளவுக்குக் குறையும். பதிவு செய்த தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி செல்லும். இணைப்பு அறுந்தாலும் விற்பனையைக் கருவி தன்னுள் பதிந்துவைத்துப் பின்னர் வழங்கிக்கு அனுப்பக்கூடியதாக இருந்தது.

இதில் நோக்கத்தக்கவை இரண்டு. அட்டையைக் கொண்டுவருபவர் யார் என்று கருவி கேட்கவில்லை. பழைய தாள் அட்டைக் காலத்தைப் போலவே, அண்டை வீட்டாரின் அட்டைகளையும் சேர்த்து ஒருவரே கொண்டுபோய்ப் பொருள் வாங்கிவர முடிந்தது. சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் நிலத்தில் இது சலுகையன்று. மலையின் தொலைவுக்கு மக்கள் தாமே கண்டிருந்த விடை. மற்றொன்று, கணக்கின் வீட்டுப் படி மறைந்தது. புதிய அட்டையில் எதுவும் எழுதப்படுவதில்லை. அதன் இடத்தைக் குறுஞ்செய்தி நிரப்பும் என்பது வடிவமைப்பாளரின் எண்ணம். அலைவரிசை எட்டாத இடத்திலும், தொலைபேசி எண் மாறிவிட்ட வீட்டிலும் அவ்விடம் வெற்றிடமாகவே நிற்கும். அலைவரிசை உள்ள இடங்களில் குறுஞ்செய்தி வேறொரு பயன் தந்தது: வாங்காத பொருளுக்கு வந்த செய்தியே முறைகேட்டுக்குச் சான்றாகி, முறையீடுகளுக்கு வழிவகுத்தது.

கைரேகை

அம்முறையீடுகளுக்கு அரசு கண்ட விடை கைரேகை. ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’த் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, விரல்ரேகை வருடியுடன் கூடிய கருவியும் அதற்கேற்ற மென்பொருளும் கடைகளுக்கு வந்தன. விரலின் பதிவு மறையாக்கம் செய்யப்பட்டு ஆதார் ஆணையத்தின் வழங்கிக்குச் சென்று, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடையுடன் திரும்பும். முன்பு இணைப்பு இன்றியும் விற்க முடிந்தது. இப்போது ஒவ்வொரு விற்பனைக்கும் முன்னதாக இணைப்பு வேண்டும். தொடக்க நாட்களில் வழங்கிக் கோளாற்றால் மாநிலத்தின் பல இடங்களில் வரிசைகள் நீண்டன. பழையபடி அட்டையை வருடியே பொருள் வழங்கும் நிலையும் ஏற்பட்டது.

கோளாறு தற்காலிகமானது. விதி மாற்றமோ நிலையானது. அதுவரை கடை அறிந்த அலகு குடும்பம்; இனி அது தனி ஆள். அட்டையில் பெயருள்ள ஒருவர் தம் உடலோடு கடைக்கு வர வேண்டும். பிழைப்புக்காக வெளியூர் சென்றிருக்கும் இளையோர் அங்கேயே பொருள் பெறலாம் என்பது இத்திட்டத்தின் மெய்யான நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அட்டை ஒன்றே. வெளியூர் செல்பவரின் வசதிக்காக எழுதப்பட்ட விதி, ஊரில் தங்கிய முதியவரையே மலைப்பாதையில் நடக்கச் செய்கிறது. மண்வேலையில் தேய்ந்த விரல்களைக் கருவி எளிதில் ஏற்பதில்லை என்பதும் நாடெங்கும் கண்ட அனுபவம்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் கார்த்திக் முரளிதரன், பால் நீகாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் நடத்திய கள ஆய்வு இங்கு ஒப்பிடத்தக்கது. கைரேகைச் சரிபார்ப்பு தன்னளவில் கசிவைக் குறைக்கவில்லை என்றும், ஆதாரை இணைக்காதிருந்த பயனாளிகள் பெற்ற பொருளின் மதிப்பு குறைந்தது என்றும் அவ்வாய்வு கண்டது. அதன் தருக்கம் எளிது. வந்தவர் இன்னார் என்பதைக் கைரேகை மெய்ப்பிக்கும்; அவருக்குக் கொடுத்த அரிசி எத்தனை கிலோ என்பதை அது மெய்ப்பிக்காது.

படிவமும் கருவிழியும்

மென்பொருள் இறுகியபோது அதன் ஓரங்களில் விதிவிலக்குகள் முளைத்தன. கடைக்கு வர இயலாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் மாற்று நபரை நியமிக்கலாம். அதற்கு ஒரு படிவம், ஓர் ஒப்புதல், பின் வழங்கியில் ஒரு பதிவு. மலையில் நெடுங்காலமாக வாய்மொழியாலேயே நடந்துவந்த ஓர் ஏற்பாடு, ஒப்பமிட்டுக் கேட்டுப் பெற வேண்டிய அனுமதியாகத் திரும்பிவந்தது எனலாம். கைரேகை பொருந்தாதவர்க்கு 2023 முதல் கருவிழி வருடிகள் படிப்படியாக வந்தன. தேய்ந்த விரலுக்குக் கண் மாற்றாயிற்று. தொலைவுக்கு அது மாற்றாகவில்லை.

தொலைவைக் கருதிய முயற்சி வேறொரு துறையிலிருந்து வந்தது. 2020 செப்டம்பர் 21 அன்று 3,501 நகரும் நியாய விலைக் கடைகள் தொடங்கிவைக்கப்பட்டன. கைரேகைக்கு வெறும் பத்து நாள் முன்பு. ஒரே திங்களுக்குள் ஓர் ஆணை கடையை மக்களிடம் நகர்த்தியது. மற்றோர் ஆணை மக்களைக் கருவியிடம் நகர்த்தியது.

திரையில் ஒரு புதிய வரி

2023-இல் நிகழ்ந்த சிறு மாற்றம் ஒன்று தருமபுரிக்கே உரியது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் சோதனை முயற்சியாக, விரும்பும் அட்டைதாரர்க்கு இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. மென்பொருளைப் பொறுத்தவரை இது பொருட்பட்டியலில் ஒரு வரி. அரிசி ஒதுக்கீட்டில் ஒரு கழித்தல். சித்தேரி மலையின் உணவு வரலாற்றிலோ இதன் பொருள் வேறு. கேழ்வரகும் சாமையும் விளைந்த மலைக்குள் பங்கீட்டு அரிசி நுழைந்தது. 2011 சூன் முதல் அது விலையில்லா அரிசியுமாயிற்று. உழைத்து விளைவித்து, குத்திப் புடைத்துச் சமைக்க வேண்டிய சிறுதானியம் அதனோடு போட்டியிட இயலவில்லை. ஒரு காலத்தில் மலைக்காட்டில் அறுத்த தானியம், இப்போது கிடங்கிலிருந்து சாக்கில் ஏறிவந்து, கைரேகைக்குப் பின் கிடைக்கும் பொருளாயிற்று. கேழ்வரகு மீண்டும் தட்டுக்கு வந்தது நல்லதே. அது எந்த வழியாக வந்தது என்பதும் பதிவுக்குரியது.

தராசு

எடையின் முறை இறுதியில்தான் வந்தது. மின்னணுத் தராசைக் கருவியோடு இணைப்பதற்கு வழிசெய்யும் விதித் திருத்தத்தை நடுவண் அரசு 2021 சூன் மாதம் வெளியிட்டது; கருவிவழி விற்பனைக்கெனக் குவிண்டாலுக்கு 17 ரூபாய் கூடுதலாக அளிக்கப்பட்ட தொகையில் மிச்சப்படுவதை இதற்குச் செலவிடலாம் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டுக் கடைகளில் புளூடூத் இணைப்புடைய தராசுகள் 2025-இல் பரவலாயின. தராசு காட்டும் எடை ஒதுக்கீட்டோடு பொருந்தினால்தான் பட்டியல் வரும். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே தராசில் வைத்து ஒப்புதல் பெற வேண்டியிருப்பதால் விற்பனை தாமதமாகிறது என்று பணியாளர் சங்கங்கள் எதிர்த்தன. கிடங்கிலிருந்து வரும் மூட்டைகளையும் எடையிட்டுத் தர வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. அதில் நியாயம் உண்டு. மூட்டை குறைவாக வந்து, விற்பனை துல்லியமாக நடந்தால், இடைப்பட்ட குறை விற்பனையாளர் தலையில் விழும்.

மாற்றங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். வாங்குபவரின் விரல் 2020-இல் சரிபார்க்கப்பட்டது. விற்பவரின் தராசு 2025-இல். கிடங்கின் மூட்டைக்கான கோரிக்கை இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. ஐயம் சங்கிலியின் கடைக்கண்ணியில் தொடங்கி மேல்நோக்கி மெல்ல நகர்கிறது. பங்கீட்டின் பொருளோ மேலிருந்து கீழே வருவது. கசிவைத் தடுப்பதே நோக்கமெனில் பொருள் வரும் திசையிலேயே சரிபார்ப்பும் தொடங்கியிருக்கலாம். அவ்வாறன்றித் திசை மாறியமைக்குத் தொழில்நுட்பக் காரணம் கூறுவது கடினம். எடையிடும் கருவி விரல்ரேகை வருடியைவிடப் பழையது.

2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய முதல்வரின் தாயுமானவர் திட்டத்தில், தொடக்கத்தில் 70 வயதைக் கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதத்தின் இரண்டாம் சனி, ஞாயிறு நாட்களில் வீட்டு வாயிலிலேயே பொருள் வழங்கப்பட்டது. கருவியும் மின்னணுத் தராசும் அதே வண்டியில் உடன் சென்றன. கைரேகை விதி தோற்றுவித்த நடையை, ஐந்தாண்டு கழித்து, வண்டி ஏற்றுக்கொண்டது. சாலை உள்ள இடம்வரை.