எள்ளப்படுபவன் யார்?

ஒலுவிலில் என் வகுப்புக்கு மெய்ப்பாட்டியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நகை பிறக்கும் நான்கு இடங்களுள் எள்ளலை முதலில் வைக்கிறார் தொல்காப்பியர்; பேதைமையையும் சேர்க்கிறார். "எள்ளப்படுற ஆளுக்கும் அது நகையா, சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு நாக்குழறியது. 1990களில், இரு சமூகங்களுக்கும் இடையே சிந்திய இரத்தம் காயாத நாட்களில், நான் படித்த பாடசாலை மேடையில் தொப்பியணிந்த முஸ்லிம் வியாபாரியாக நடித்தவன் நான். 'காக்கா' என்று இழுத்தாலே மண்டபம் அதிர்ந்தது. சபையில் ஒரு முஸ்லிமும் இல்லை.

நேயர்களே, இந்தச் சிரிப்பைத் திசை திருப்பிய படம் ஒன்று தமிழில் உண்டு. 1949இல் வந்த 'நல்லதம்பி'. கதை வசனம் அறிஞர் அண்ணா. அதில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' கதாகாலட்சேபம் செய்கிறார். பாட்டு உடுமலை நாராயணகவி. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் தில்லைக்கு ஏங்கினான். தீயில் மூழ்கிய பின்பே சந்நிதி கிடைத்தது. கிந்தன் ஏங்குவது படிப்புக்கு. அவன் பட்டணத்துக்குப் புகையிரதம் ஏறுகிறான். அங்கே டிக்கட்தான் கணக்கு, சாதியல்ல. பக்திக் காலட்சேபத்தின் சட்டையை அப்படியே போட்டுக்கொண்டதில்தான் கலைவாணரின் சாமர்த்தியம். சிரிப்பு சேரிப் பிள்ளையை விட்டு, அவனை விலக்கி வைத்தவர்கள்மீது விழுகிறது.

இருபத்தைந்து ஆண்டுகள் பிந்தி, 1974இல், அமெரிக்காவில் மெல் புரூக்ஸ் 'பிளேசிங் சாடில்ஸ்' எடுத்தார். கௌபாய்ப் படங்களையே நையாண்டி செய்யும் கௌபாய்ப் படம். எழுதியவர்களுள் கறுப்பினக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரும் ஒருவர். இங்கேயும் இருப்புப் பாதைதான் களம். (நம் பக்கத்தில் அது மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது, அது வேறு கதை.) பாதை போடும் இரு கறுப்பர்கள் தள்ளுவண்டியோடு புதைமணலில் அமிழ்கிறார்கள். மேற்பார்வையாளர்கள் கயிறு வீசி வண்டியை மட்டும் மீட்கிறார்கள். சிரித்துவிட்டு நாமே திடுக்கிடுகிறோம். அந்த இருவரில் ஒருவனான பார்ட் பிறகு ஓர் ஊருக்குக் காவல் அதிகாரியாக வருகிறான். வரவேற்கக் கூடிய வெள்ளையர், நிறத்தைக் கண்டதும் துப்பாக்கி தூக்குகிறார்கள். அவன் தன் துப்பாக்கியைத் தன் கழுத்திலேயே வைத்துத் தன்னையே பணயக் கைதியாக்குகிறான். ஊர் நம்பிப் பின்வாங்குகிறது! எள்ள வந்தவர்களின் பேதைமை அம்பலமாகிறது.

எங்கள் நாடகத்தில் அப்படி ஒரு காட்சியும் இருக்கவில்லை. வியாபாரி ஏமாந்தான், திரை விழுந்தது.

அடுத்த பாடவேளையில் அந்த மாணவிக்கு இரு படங்களையும் சொன்னேன்; என் நாடகத்தையும் மறைக்கவில்லை. வகுப்பு சிரிக்கவில்லை. பின்வாங்கிலிருந்து ஒருவன், "அந்தக் காக்காவ ஒருக்காப் பேசிக் காட்டுங்க, சேர்" என்றான்.

நான் பேசவில்லை.