வண்டலூர் ஹெரால்டும் ஆற்று வண்டலும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கதை ஒரு வியாபாரச் சண்டையில் தொடங்குகிறது. 1950-களில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி கார்கள் செய்துவந்தது. அதற்குத் தகரக் கூடு அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனத்தை 1953-இல் எதிர்க் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்து வரப்போகும் காருக்கு முழுக் கூட்டையும் ஒரே உருவாக அடித்துத் தர ஆள் இல்லை. அந்தக் காலத்தில் மற்றவர்கள் எல்லோரும் சேஸிஸே இல்லாத ஒற்றைக் கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டர்டு கம்பெனியோ பழைய வழிக்குத் திரும்பியது. அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டம். அதன்மேல் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி என்று கூட்டைப் பிரித்துச் செய்து போல்ட் போட்டு முடுக்கிவிடுவது. ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு ஊரில் அடித்துக்கொள்ளலாம் அல்லவா!

வடிவத்தை இத்தாலியின் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தார். 1959 ஏப்ரலில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் ட்ரையம்ஃப் முத்திரையோடு ‘ட்ரையம்ஃப் ஹெரால்டு’ வெளிவந்தது. அதன் பானெட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முன்பக்க மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்துவிடும். எஞ்சின், ஸ்டியரிங், முன்சக்கரம் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். அந்த அளவுக்கு வளைந்து கொடுக்கும் கார்கள் இன்றும் குறைவு.

1961-இல் அது சென்னைக்கு வந்தது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆலையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் 948 சிசி எஞ்சினோடு உருவானது. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட் என்றால் நமக்கு ஹெரால்டு. அதே 1961-இல்தான் பாடியில் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் செய்ய லூக்காஸ்-டிவிஎஸ் தொடங்கியது. பிஸ்டன், பேரிங், சக்கரம், பிரேக் என்று ஒவ்வொன்றுக்கும் மதராஸைச் சுற்றி ஆலைகள் எழுந்த பத்தாண்டு அது. வெளியிலிருந்து வந்த பாகங்கள் குறைந்து, உள்ளூர் பாகங்கள் கூடக்கூட ஹெரால்டு நம் ஊர்க் காராகிக்கொண்டே வந்தது. இங்கிலாந்தில் கடைசிவரை அதற்கு இரண்டு கதவுகள்தான். பாட்டி, பேரப்பிள்ளை என்று ஏறும் நம் குடும்பங்களுக்கு அது போதாது என்று 1968 வாக்கில் நான்கு கதவு வண்டியைச் செய்தது வண்டலூர்தான். உலகத்தில் வேறெங்கும் செய்யாத கார் அது. இதை நம்மவர்கள் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அந்த நான்கு கதவு வண்டிகளில் ஒன்றுதான் தாமிரபரணிக் கரைக்கு வந்தது. முதலில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் இருந்தது. அவரிடமிருந்து என் தாய்மாமா வாங்கிக் கல்லிடைக்குறிச்சிக்குக் கொண்டுபோனார். மாமா வீட்டுத் தெருவுக்கு வேறு எந்தக் காராவது வந்தால் தெருமுனை வரை பின்னாலேயே போய்த்தான் வெளியேற வேண்டும். ஹெரால்டு மட்டும் வாசலிலேயே திரும்பிவிடும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம், கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம், ஆஸ்பத்திரிக்குப் பாளை. 1973-இல் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தபிறகு ரயில்வே கேட்டில் காத்துக்கிடக்க வேண்டாம் என்று மாமா அதன் மேலடுக்கில் போவதற்கென்றே ஊருக்குள் வருவார்.

1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டின் இடத்துக்கு ‘கெஸல்’ வந்தது. அதற்கும் அதே எஞ்சின்தான். பின்னச்சை மட்டும் மாற்றிவிட்டார்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும். இரண்டையும் குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங் தாங்கும். அது நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை. கெஸலும் கொஞ்ச காலத்தில் நின்றது. 1983-இல் மாருதி வந்தது. 1985-இல் வண்டலூர் ஆலை ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று பெரிய கார் ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தது. எடுபடவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. மாமாவின் வண்டி, தன்னைச் செய்த ஆலை இல்லாத வண்டியாயிற்று. அவர் காலத்துக்குப் பிறகு நெல்மூட்டைகளோடு கொட்டகையில் நின்றது. அப்புறம் நான் அதைச் சிந்துபூந்துறைக்குக் கொண்டுவந்து, அவ்வப்போது ஓட்டிக்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பர் 17. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் யாருக்கும் அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை வரையான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் நிறைந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள். சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு எல்லாம் ஆற்றுக்குள் போயின. மனிதர்களை மாடிக்கு ஏற்றுவதே பெரும்பாடாக இருந்த இரவில் காரை நினைக்க நேரமில்லை. வெள்ளம் வடிந்தபோது ஹெரால்டு ஜன்னல் விளிம்பு வரை சேற்றுக்கோட்டோடு நின்றது.

என் நண்பன் மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். போனில் அவன் சொன்ன முதல் வார்த்தை, “சாவியப் போட்டுறாதல. பேட்டரி வயர மட்டும் கழட்டி வையி, நா வாரேன்.” வெள்ளத்தில் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் அதைக் கொல்லும் வழி. சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை அமுக்கும். தண்ணீர் அமுங்காது. செல்ஃப் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பல பேர் பதற்றத்தில் சாவியைத் திருப்பிவிட்டார்கள் என்பது அவன் பட்டறை வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்ததும் தெரிந்தது.

அந்த வரிசையில் புதுக் கார்கள்தான் அதிகம். சீட்டுக்குக் கீழே ஓடும் ஒயர்கள், கம்ப்யூட்டர் பெட்டி, ஏர்பேக் என்று ஒவ்வொன்றிலும் சேறு. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்து, செலவு காரின் விலையைத் தாண்டும் என்று எழுதிவிட்டுப் போனால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. ஒற்றைக் கூட்டு வண்டியில் மூடிய பெட்டி அறைகளுக்குள் வண்டல் போய் உட்கார்ந்தால் அதைத் தேடி எடுப்பது பெரிய வேலை. நண்பன் ஹெரால்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது கழட்டினாத் துண்டு துண்டா வரும்ல. அலசிரலாம்” என்றான். 1953-இல் கவென்ட்ரிக்காரர்களுக்குக் கூடு செய்துதர ஆள் இல்லாமல் போனது, எழுபது வருஷம் கழித்துத் திருநெல்வேலியில் ஒரு வண்டிக்கு உயிர் கொடுத்தது.

முதலில் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் டீசலை ஊற்றி ஊறவிட்டோம். பிறகு ஹேண்டில் போட்டுக் கையால் மெல்லச் சுற்றியதும் பிளக் துளைகளிலிருந்து கலங்கல் தண்ணீர் பீறிட்டது. சம்ப்பில் இருந்த ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் வந்தது. கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் எல்லாவற்றிலும் இதே கதை. கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பானெட், முன்கூடு, பின்கூடு என்று இறக்கி வைத்தபிறகு இரும்புச் சட்டம் மட்டும் தரையில் கிடந்தது. அதன் பெட்டிக் குழாய்களுக்குள் பிரஷர் பம்பு வைத்து அடித்தபோது வெளியே வந்தது முழுக்க ஆற்று வண்டல். கல்லிடைக்குறிச்சி வயலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் நெல்லாகியிருக்க வேண்டிய மண். உலர்ந்ததும் உள்ளே ஆயில் அடித்து அடைத்தோம். வெள்ளத்துக்கு முன்பே துரு தின்ற இடங்களில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. அதை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை, தானே செய்தான்.

முன்சக்கரங்களைக் கழற்றியபோதுதான் வெள்ளத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வெளிப்பட்டது. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்ற ஒரு பித்தளைத் துண்டுக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் சுழலும். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில் போட வேண்டும் என்பது தயாரித்தவர்களின் விதி. கிரீஸ் நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் அடிப்பதுதான் உலகம் முழுக்கப் பட்டறைப் பழக்கம். கிரீஸ் மரையின் ஆழம்வரை போகாது. இறுகிப்போய் வழியை அடைக்கும். அடியில் தண்ணீர் தங்கித் தண்டைத் துரு தின்னும். ஒருநாள் வளைவில் தண்டு ஒடிந்து சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். எங்கள் வண்டியின் இடது பக்கத் தண்டில் மரை பாதி தேய்ந்து, கழுத்தில் துருக்குழி விழுந்திருந்தது. நண்பன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். “வெள்ளம் வராட்டா இதப் பாத்துருக்க மாட்டோம்” என்றான்.

இந்தத் தண்டுக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. மலிவு விலைக் குடும்பக் காருக்காகப் பிறந்த இதே அமைப்பை இங்கிலாந்தின் லோட்டஸ் போன்ற பந்தயக் கார்க்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். எடை குறைவு, எளிதில் கிடைக்கும் என்பதுதான் காரணம். ட்ரையம்ஃப் கம்பெனியின் ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே வகைதான். ஸ்பிட்ஃபயருக்கு இன்றும் உலகெங்கும் ரசிகர்கள் இருப்பதால் இந்தப் பாகம் இன்னமும் புதிதாகச் செய்யப்படுகிறது. வண்டலூர் ஆலை போன பிறகும் வண்டலூர் வண்டிக்கு உதிரிபாகம் கிடைப்பது அந்த அந்நிய நாட்டு ரசிகர்களின் புண்ணியம். தண்டை வெளியிலிருந்து வரவழைத்தோம். சிறிய புஷ்களை லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து வாங்கினான் நண்பன்.

பழைய காரை ஒருவராகவே பழுதுபார்க்கலாம் என்று நினைப்பவர்கள் பிரேக் வேலைக்கு வரும்போது நின்றுவிடுவார்கள். டிரம்முக்குள் வண்டல் புகுந்து, வீல் சிலிண்டர்கள் இறுகிப்போயிருந்தன. எல்லாம் மாற்றிப் புது ஆயில் ஊற்றியபிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். “மிதில... பிடிச்சுக்க... விடு.” அடியிலிருந்து இந்தக் குரல் வரும்போது கால் எடுத்துவிட்டால் வெளியே போன காற்று மறுபடி உள்ளே வந்துவிடும். முகம் பார்க்க முடியாது. குரலை நம்பித்தான் கால். பாயிண்ட் டைமிங் வைப்பதும் அப்படித்தான். ஒருவர் ஹேண்டிலை முடி அளவு நகர்த்துவார், மற்றவர் சிறு பல்பு எரிவதைப் பார்த்துச் சொல்வார். கதவுகளைத் தொங்கவிட்டு இடைவெளி சரிசெய்ய, கியர் பாக்ஸைத் தூக்கிப் பிடித்து ஷாஃப்ட்டை உள்ளே நுழைக்க, எல்லாவற்றுக்கும் இரண்டு பேர். எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும் என்பதைத் தவிரப் பெரிய வேலை தெரியாது. ஆனாலும் அந்த இரண்டாவது ஆளாக அவன் பட்டறை ஆட்களில் யாரையும் நிறுத்தவில்லை, ஞாயிற்றுக்கிழமை நான் வரும்வரை காத்திருந்தான். அதற்கு நான் நன்றி சொன்னால் திட்டுவான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எஞ்சின் வேலையில் காலமாற்றமும் சேர்ந்துகொண்டது. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. வால்வு உட்காரும் இரும்பு விளிம்புக்கு அந்த ஈயம் ஒரு மெத்தை. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. ஈயமில்லாமல் ஓடிய வண்டியில் விளிம்பு மெல்ல மெல்ல உள்வாங்கியிருந்தது. ஹெட்டை இறக்கி, கெட்டியான உலோக வளையங்கள் பொருத்தினோம். இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைத் தின்னும். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், குழாய்கள், கார்புரேட்டர் கேஸ்கட் எல்லாம் அதைத் தாங்கும் ரகத்துக்கு மாறின. பழையதைப் பழையதாகவே வைப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதற்கு உடன்பட மாட்டார்கள். ஓடாத கார் எவ்வளவு அசலாக இருந்தாலும் எனக்கு அது வெறும் தகரம்.

இந்த விஷயத்தில் சட்டமும் ஒரு கேள்வி கேட்கிறது. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வயது கடந்த வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்து, ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பலகை வாங்கலாம். மரியாதையான ஏற்பாடுதான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. அடிப்படையில் பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது. எங்கள் வண்டிக்கு வயது தகுதி உண்டு. நானும் நண்பனும் பேசி, அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்தோம். அதிக செலவு, அதிக அலைச்சல். ஆனால் காய்கறி வாங்க எடுத்துக்கொண்டு போகலாம்.

முதல் நீண்ட ஓட்டம் சேரன்மகாதேவி வழியாகக் கல்லிடைக்குறிச்சி. பட்டறையிலிருந்து கிளம்பும்போதே நண்பன் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டான். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடியது, இருபுறமும் நடவு முடிந்திருந்தது. மாமா வீட்டுத் தெருவில் ஹெரால்டைப் பார்த்ததும் திண்ணையிலிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, மாமா பேரைச் சொல்லி அவர் வண்டிதானே என்று கேட்டார். பானெட்டைக் கவிழ்த்துக் காட்டினோம். தெருப்பிள்ளைகள் சுற்றி நின்று எஞ்சின் ஓடுவதைப் பார்த்தார்கள். ரேடியேட்டர் சூடு சரியாக இருந்தது, பிரேக் இழுக்கவில்லை. திரும்பும் வழியில் அறுபதைத் தொட்டபோது டிஃபரென்ஷியலிலிருந்து ஒரு ஊளைச் சத்தம் வந்தது. பினியன் பேரிங்காக இருக்கும் என்கிறான் நண்பன். அடுத்த ஞாயிறு பின்னச்சை இறக்குகிறோம்.