பிரேக் ஆயிலில் ஆயில் உண்டா?

அப்பாவின் பழைய காரில் அம்மாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம். முந்தின ஞாயிறு சேலத்துக்கு வெளியே பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். வண்டி இழுக்கவே இல்லை. நியூட்ரலில் போட்டால் உருளாமல் நின்றது. இறங்கிப் பார்த்தால் நான்கு டிரம்மும் கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை வேறு. அரை மணி நேரம் ஆறவிட்டதும், ஒன்றுமே நடக்காதது போல உருண்டது.

“ஒரு வீல் மட்டும் புடிச்சா ஓஸ், வீல் சிலிண்டர்னு தேடலாம். நாலும் சேர்ந்து புடிக்குதுன்னா மேலதான் சார் பாக்கணும்” என்றார் மெக்கானிக். பெடலில் ப்ரீ பிளே சரியாக இருந்தது. மறுபடி சூடாக்கி, மாஸ்டர் சிலிண்டரில் பைப் சேரும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். திரவம் பீய்ச்சி அடித்தது, சக்கரங்கள் விடுபட்டன.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசி முனை அளவில் ஒரு துளை உண்டு. பெடலை விட்டபின் மிச்சத் திரவம் அதன் வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பும். அது அடைபட்டால், சூட்டில் விரியும் திரவத்துக்குப் போக்கிடம் இல்லை. தானாகவே பிரேக்கை அழுத்தும். அழுத்தினால் இன்னும் சூடு. நம்ம பாஷையில் சொன்னால் இன்ஃபினிட் லூப். கழற்றிப் பார்த்தால், ரப்பர் கப் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பித் துளையை மூடியிருந்தது.

டப்பாவில் இருந்ததில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டேன். பிரேக் திரவம் என்றால் கரைந்திருக்க வேண்டும். இது மிதந்தது. அக்கா மகனைக் கேட்டேன். “பிரேக் ஆயில் கொறஞ்சிருந்துச்சு மாமா, வீட்ல இருந்த ஆயில ஊத்துனேன்.”

அவனைத் திட்ட மனசு வரவில்லை. நாம் வைத்திருக்கும் பெயரே அப்படி. ஆனால் தேடிப் படித்தபோது, அந்தப் பெயர் முழுப் பொய்யும் இல்லை என்று தெரிந்தது.

ஹைட்ராலிக் பிரேக்கைக் காருக்குக் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட். ஆமாம், விமானக் கம்பெனி சகோதரர்களில் ஒருவர்தான். 1919இல் விமானத்தை விட்டுவிட்டு பிரேக்குக்கு வந்தார். 1921 டூசன்பெர்க் மாடல் ஏ கார் நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. ஆரம்பத்தில் சிலிண்டருக்குள் இருந்தது தோல் வாஷர். சைக்கிள் பம்பில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. காய்ந்தால் சுருங்கும், ஒழுகும். கிரைஸ்லர் பொறியாளர்கள் ரப்பர் கப்புக்கு மாறினார்கள். 1924 கிரைஸ்லர் காரில் அது வந்தது. ஃபோர்டு 1939 வரை கம்பி, ராடு பிரேக்கையே விடவில்லை என்பது தனிக்கதை.

அன்று ரப்பர் என்றால் இயற்கை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். அதற்கு ஒத்துப்போன எண்ணெய் நம் ஊர் ஆமணக்கெண்ணெய். அதையும் ஆல்கஹாலையும் கலந்த திரவம் அந்தக் காலத்தில் பரவலாக ஓடியது. ஆக, பிரேக் ஆயிலில் உண்மையிலேயே ஆயில் இருந்த காலம் ஒன்று உண்டு!

பிறகு கிளைகால் வகைத் திரவம் வந்தது, ரப்பரும் செயற்கையானது. பெட்ரோலிய எண்ணெய் ஆகாது என்ற விதி மட்டும் அப்படியே தொடர்ந்தது. சிட்ரோயன் 1960களில் துணிந்து கனிம எண்ணெய்க்கு மாறியபோது சீல்களையும் மாற்ற வேண்டியிருந்தது. குழம்பக்கூடாது என்று புதுத் திரவத்துக்குப் பச்சை நிறம் கொடுத்தார்கள்.

என்னை உறுத்துவது வேறு. ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போதே டிரம் அப்படிச் சூடேறி, இறங்கும்போது திரவம் கொதித்திருந்தால் பெடல் வெறுமனே தரை வரை போயிருக்கும். டாட் 3 திரவம் புதிதில் 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்தால் 140 தான் உத்தரவாதம்.

மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர்கள், ஓஸ்கள் எல்லாவற்றிலும் அந்த எண்ணெய் போயிருந்ததால் அத்தனையும் மாற்றி, பைப்புகளைக் கழுவினோம். அக்கா மகனே பெயிண்ட் வாங்கி வந்து டப்பா மூடியில் ‘டாட் 3’ என்று எழுதினான். ஏற்காடு அடுத்த மாதம்.