போர் புரிந்து பின் பழுது பார்த்த கப்பல்

யோங் பெங் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை ஜொகூர் நீரிணையில் முடிகிறது. அக்கரையில் செம்பவாங். ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் 1938இல் உலர்துறை திறக்கப்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளம் அங்கேதான் இருந்தது. 1942 ஜனவரியில் யோங் பெங்கை அடுத்துப் போர் நடந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூரே வீழ்ந்தது. உலர்துறை ஓடித் தப்ப இயலாதன்றோ? அசையாத் தளத்தின் இக்குறையை ஓரளவு நிறைப்பதே பழுது பார்க்கும் கப்பல்.

அத்தகைய கப்பல்களில் செம்பவாங்குடன் நெருங்கிய தொடர்புடையது ‘டிரையம்ப்’. வெற்றி என்பது அதன் பொருள். 1944இல் நீரில் இறக்கப்பட்டு 1946இல் பணியேற்றபோது அது விமானந்தாங்கிக் கப்பல். 1949இல் அதன் விமானங்கள் செம்பவாங்கிலிருந்து பறந்து மலாயாக் காடுகளில் குண்டு வீசின. 1950 ஜூலை 3ஆம் நாள், அமெரிக்காவின் ‘வேலி போர்ஜ்’ கப்பலுடன் சேர்ந்து வட கொரியாவைத் தாக்கியது. சரித்திர நூல்கள் விரித்துரைப்பது இப்பகுதியைத்தான்.

ஆயினும் அதன் வாழ்வில் மற்றொரு பகுதி உண்டு. போர்ட்ஸ்மத் துறையில் நீண்ட காலம் மாற்றியமைக்கப்பெற்று, 1965இல் அது மிதக்கும் தொழிற்சாலையாக வெளிவந்தது. விமானங்கள் நின்ற கூடத்தில் பட்டறைகள் அமைந்தன. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு தூரகிழக்குக் கடற்படைக்குத் தொண்டாற்றியது.

1968 ஜனவரியில், 1971 முடிவுக்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பல்லாயிரவர். தமிழரும் மலையாளிகளும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் நிலை என்னாவது என்பதே அன்று எழுந்த கேள்வி. பலர் வேலை இழந்தனர். எனினும் அவ்வாண்டு டிசம்பரில் கடற்படைத் துறை சிங்கப்பூர் அரசின் செம்பவாங் கப்பல் பட்டறை வசமாயிற்று. வணிகக் கப்பல்கள் பழுது பார்க்க வந்தன. எஞ்சியோர் கைத்திறன் வீணாகவில்லை.

‘டிரையம்ப்’ 1975இல் ஒதுக்கப்பட்டு, 1981இல் ஸ்பெயினில் உடைப்பதற்கு விற்கப்பட்டது. ஓடவல்ல கப்பல் உடைபட்டது. ஓடவியலாத உலர்துறையோ அதன்பின்னும் பல்லாண்டு கப்பல்களைச் செப்பனிட்டது. தளத்தின் உயிர் கொடியில் இல்லை, கைத்தொழிலில் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.