பழஞ்சேலையில் பின்னும் செபம்: ஹெந்தளையில் ஒரு துணி விரிப்பு

பழைய நூற்சேலைக்குக் கத்தரிக்கோல் அதிகம் தேவையில்லை. முந்தானை ஓரத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டுப் போட்டு, இரண்டு கையாலும் இழுத்தால் போதும். ஆறு யார் நீளத்துக்கும் நேராகக் கிழிந்துகொண்டே போகும். ஆறு யார் என்பது ஏறக்குறைய ஐந்தரை மீற்றர். சேலையின் அகலம் 45 அங்குலம் என்றால் முப்பது நாடாக்கள். அவற்றை ஒன்றோடொன்று கோத்தால் 165 மீற்றர் நீளமான துணிக்கயிறு கிடைக்கும்.

ஹெந்தளையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அன்ரி இந்தக் கயிற்றை உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொண்டு, மரக்கொக்கி ஒன்றால் குறோஷே விரிப்புகள் பின்னுகிறார். கொக்கியின் தடிப்பு சுண்டுவிரல் அளவு. அவருடைய கணவர் செதுக்கிக் கொடுத்தது. இதுவரை ஒரு விரிப்பைக்கூட அவர் விற்றதில்லை. யாருக்கு என்று முடிவெடுத்த பிறகுதான் முதல் முடிச்சே போடுவார்.

அவருடைய கணக்கு எனக்குப் பிடித்தமானது. ஒரு வரிக்கு 53 கண்ணிகள். செபமாலையில் அருள்நிறை மந்திரம் 53 தடவை வரும்: தொடக்கத்தில் மூன்று, பிறகு பத்துப் பத்தாக ஐந்து. ஒரு மந்திரத்துக்கு ஒரு கண்ணி. பரலோக மந்திரம் வரும்போது கை நின்றுவிடும். ஒக்டோபர் கத்தோலிக்கருக்குச் செபமாலை மாதம். இரவுக்கு ஒரு வரி என்று 31 வரிகள் சேர்ந்தால், முக்கால் மீற்றர் அகலமும் அரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் உள்ள விரிப்பு கையில் இருக்கும். நத்தாருக்குக் கொடுக்கலாம். மொத்தம் 1643 கண்ணிகள். ஒரு கண்ணி ஏறக்குறைய பத்து சென்ரிமீற்றர் கயிற்றை விழுங்கும் என்பதால், ஒரு சேலை ஒரு விரிப்புக்குச் சரியாக வந்துவிடுகிறது. சில சமயம் கடைசி வரிக்குப் போதாமல் போகும். அப்போது வேறொரு துணி வந்து சேரும்.

வரி முடிவில் எண்ணிப் பார்த்து 52 வந்தால், “ஒண்டு விட்டுப்போச்சு” என்பார். அவிழ்க்கமாட்டார். அடுத்த வரியில் ஒன்றைக் கூட்டிவிடுவார்.

எண்ணிக்கொண்டே செபிப்பதும், நூலில் செபத்தைக் கட்டுவதும் எங்கள் கரையோரத்துக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1998இல் ஜெனற் பிறிஸ்ரோ, விக்ரோறியா காலோ என்ற இரு பெண்கள், நோயாளிகளுக்கும் துக்கத்தில் இருப்பவர்களுக்கும் செபித்துக்கொண்டே சால்வை பின்னிக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார்கள். இன்று அது பல நாடுகளில் தேவாலயக் குழுக்களின் வழமையான வேலை. ஜப்பானில் போர்க்காலத்தில் ‘சென்னின்பரி’ என்றொரு துணிப்பட்டி இருந்தது. தாயோ மனைவியோ தெருவிலும் ரயில் நிலையத்திலும் நின்று, ஆயிரம் பெண்களிடம் ஆளுக்கு ஒரு தையல் கேட்டு வாங்கி, போருக்குப் போகிறவனுக்குக் கட்டி அனுப்புவார்கள். கட்டிக்கொண்டு போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. தையல் குண்டைத் தடுக்கும் என்று அந்தப் பெண்கள் அனைவரும் நம்பியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. வேறு எதுவும் செய்ய முடியாத இடத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

“பழைய துணியில செய்ததைப் பரிசாக் குடுக்கிறதோ?” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கிழிசலை வறுமையோடு சேர்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். இதே நாட்டில் வஸ் காலம் முடிந்ததும் பௌத்த விகாரைகளில் நடக்கும் கட்டின பூஜையை எண்ணிப் பாருங்கள். பிக்குவுக்குக் கொடுக்கும் அந்த மிக உயர்ந்த சீவரம் முழுத்துணியாக இருக்கக்கூடாது. துண்டுகளாக வெட்டி, மகத நாட்டு வயல் வரம்புகள் போலப் பொருத்தி, ஒரே நாளுக்குள் தைத்துச் சாயமிட்டு முடிக்க வேண்டும் என்பது விநய விதி. குப்பையிலும் சுடலையிலும் பொறுக்கிய துணிதான் ஆதியில் துறவியின் உடை. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தா, பிறக்கப்போகும் பிள்ளைக்கான போர்வை. எங்கள் வீடுகளிலும் குழந்தையின் ஏணைக்குப் பாட்டியின் சேலையைத்தான் தேடுவோம், கடைத்துணியை அல்ல.

குறோஷே என்ற கலைக்கு அவ்வளவு நீண்ட வயது இல்லை. 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்தின் கன்னியர் மடங்கள் இதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து வயிறு கழுவ வழிசெய்தன. மிஷனரிமாரோடு இந்தியாவுக்கும் வந்தது. ஆந்திராவின் நர்சாபூர் குறோஷே லேஸ் 2024இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அந்த ஊரைப் பற்றி மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கதை சொல்கிறது. உலகச் சந்தைக்கு நாள் முழுக்கப் பின்னிய பெண்கள் தொழிலாளர்களாகக் கணக்கிடப்படவில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்’ செய்கிற வேலை என்ற பெயரில் அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். அன்ரியிடம் இதைச் சொன்னேன். “அதுதான் நான் விக்கிறேல்ல. வித்தா மலிவாத்தான் கேப்பினம்” என்றார். இந்த முடிவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின்னர், ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகளை நிறுத்து வாங்கிக் கால்மிதி செய்து விற்று வாழும் குடும்பங்கள் இந்தப் பக்கமெல்லாம் உருவாகின. அவர்களுக்கு இது சோறு.

சிக்கல் வந்தது என் அம்மாவின் சேலையில். அம்மா போன பிறகு அலுமாரியில் பதினொரு நூற்சேலைகள் இருந்தன. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா ஆட்டைத் திவசத்துக்கு வரும்போது ஒன்றைப் பின்னிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். வெள்ளவத்தையில் இருக்கும் சின்னம்மா துடித்துப்போனார்: “அக்காவின்ர சீலையைக் காலுக்குக் கீழ போடுறதோ?”

காலைத் தொட்டுக் கும்பிடுகிற சாதிசனம் நாங்கள், கால் எப்படி அவமானமாகும் என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. சொல்லப்போனால், எனக்கே முழுதாக எடுபடவில்லை. அன்ரிக்கு வேறொரு தயக்கம்: “பிள்ளை, நான் என்ர செபத்தைத்தான் சொல்லிப் பின்னுவன். உங்கட அம்மாவுக்கு அது பரவாயில்லையோ?” அதற்குச் சின்னம்மாவே பதில் சொன்னார்: அக்கா செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போனவதானே.

கடைசியில் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தார்கள். மிதிக்கும் விரிப்பு வேண்டாம், சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்து கும்பிட வட்டமான இருக்கை விரிப்பாகப் பின்னலாம். வட்டத்துக்கு 53 உதவாது. நடுவில் ஆறு கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட்டினால்தான் தட்டையாக வரும். குறைவாகக் கூட்டினால் கிண்ணம்போலக் குழியும், அதிகமானால் ஓரம் அலையலையாகச் சுருளும். தடித்த துணிக்கயிறு என்றால் சிலர் எட்டில் தொடங்குகிறார்கள். அன்ரி கண்ணியை எண்ணுவதை விட்டு, சுற்றுக்கு ஒரு தேவரகசியம் என்று வைத்துக்கொண்டார். பெட்டியில் வைத்தபோது சேலையின் நிறைதான், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அண்ணா அதில் இருக்கிறாரா, கதிரையில் போட்டு வைத்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டபோது பச்சைக் கரையைத் தடவி, “இது தீபாவளிச் சீலை” என்றார். எனக்கு அது நினைவில்லை.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பட்டும் சரிகையும் சரிவராது, சரிகை தோலில் குத்தும். கிழிப்பதற்கு முன் துணியைத் துவைத்துக் காயவிடுங்கள். சாயம் போகும் சிவப்பையும் கறுப்பையும் வெளிர் நிறங்களோடு சேர்க்க வேண்டாம். நாடாக்களைத் தைத்து இணைக்க வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் சிறு துவாரமிட்டு, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து இழுத்தால் முடிச்சுத் தெரியாது.

வயதானவர்களுக்குக் கொடுப்பதானால் அழகுக்கு முன் தரையை யோசியுங்கள். டைல்ஸ் தரையில் துணி விரிப்பு வழுக்கும். அடியில் வழுக்காத ரப்பர் வலை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தளர்வான கண்ணிகள் ஆபத்து. விரல் மாட்டினாலும் தெரியாது. அவர்களுக்கு நெருக்கமாகப் பின்னுங்கள். மழைக்காலத்தில் இந்த விரிப்புகள் காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஹெந்தளைக் கடற்காற்றில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை என்பது வேறு கதை.

கை பழகும்வரை சேலையைத் தொடாமல் ஒரு பழைய சாரத்தில் தொடங்குவது நல்லது. மூட்டிய சாரம் குழாய்போல இருப்பதால், ஓரத்திலிருந்து சரிவாகச் சுற்றிச் சுற்றி வெட்டினால் ஒரு முடிச்சும் இல்லாத ஒரே கயிறாக வரும். ரீ-சேட்டும் அப்படித்தான், கைக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் எடுங்கள். வெட்டியதும் இழுத்துவிட்டால் ஓரங்கள் தாமாகவே உள்ளே சுருண்டுகொள்ளும்.