ரசிகர் ஜெர்சி: சீருடை ஒப்பந்தமும் துணியின் தரமும்

ரசிகர் ஜெர்சி என்பது ஒரு விளையாட்டு அணியின் சீருடையைப் போலவே தைத்து, அணியின் அல்லது வாரியத்தின் உரிமத்தோடு பொதுமக்களுக்கு விற்கப்படும் மேலாடை. தொப்பி, கொடி, கைப்பட்டை, சாவிக்கொத்து போன்றவையும் இதே உரிமத்தின் கீழ் வருகின்றன. ஆனால் விலையிலும் ரசிகர் மனத்திலும் ஜெர்சிக்கே முதலிடம். இந்தியாவில் இதன் சந்தை பெரும்பாலும் கிரிக்கெட்டைச் சுற்றியே வளர்ந்தது. சேப்பாக்கத்தில் சென்னை அணியின் ஆட்டம் நடக்கும் நாளில் வாலாஜா சாலையில் நடப்பவர்கள் இருவகை மஞ்சள் சட்டைகளையும் ஒரே கூட்டத்தில் பார்க்கலாம்: நடைபாதையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கியது ஒன்று, அதிகாரபூர்வக் கடையில் அதைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கியது இன்னொன்று. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தரம் தெரிவது துவைத்த பிறகு.

உரிமம் கைமாறிய கதை

கிரிக்கெட் உலகக் கோப்பைகளில் 1992இல்தான் முதன்முறையாக அணிகள் வண்ணச் சீருடையில் ஆடின. ஆஸ்திரேலியாவின் ஐ.எஸ்.சி. நிறுவனம் எல்லா அணிகளுக்கும் ஒரே வார்ப்பில் நிறத்தை மட்டும் மாற்றித் தைத்துக் கொடுத்தது. இந்தியாவுக்குக் கருநீலம் வந்தது. டெஸ்ட் சட்டையின் முதுகில் பெயரும் எண்ணும் ஏறியது மிகவும் பிந்தி, 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஆஷஸ் தொடரில்.

இந்திய அணியின் சீருடையைப் பெரும் பணத்துக்கு விற்கும் வழக்கம் நைக்கியோடு தொடங்கியது. 2005 இறுதியில் ஏலத்தில் வென்ற அந்நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு 196.66 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டு, 2006இல் சீருடையை எடுத்துக்கொண்டது. 2020 வரை அதுவே நீடித்தது. அதன்பின் வந்தது எம்.பி.எல். ஸ்போர்ட்ஸ், மொபைல் விளையாட்டுச் செயலி ஒன்றின் ஆடைப் பிரிவு. ஓர் ஆட்டத்துக்கு 65 லட்சம் ரூபாயும், விற்பனையாகும் ரசிகர் பொருள்களில் பத்து சதவீத ராயல்டியும் அதன் ஒப்பந்தம். காலம் முடியுமுன்பே அது விலகியதால், 2023 தொடக்கத்தில் சில மாதங்கள் 'கில்லர்' ஜீன்ஸின் சின்னம் வீரர்களின் மார்பில் இருந்தது. 2023 ஜூனில் அடிடாஸ் வந்தது. அதன் ஒப்பந்தம் 2028 மார்ச் வரை.

இந்தப் பட்டியலில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கிரிக்கெட் வாரியம் ஏலம் விடும்போது முன்னே நிற்பது தொகைதான். ஆடைத் தொழிலில் வேர் இல்லாத ஒரு நிறுவனமும் நாட்டின் சீருடையை எடுக்க முடிந்தது அதனால்தான். வாரியத்துக்குக் கொடுத்த பணத்தை அந்த நிறுவனம் மீட்க வேண்டிய இடம் ரசிகரின் பணப்பை. சட்டையின் விலையில் துணிக்கும் தையலுக்கும் போவது ஒரு பங்கே. மீதி உரிமத்துக்கும், விளம்பரத்துக்கும், கடைக்காரரின் இலாபத்துக்கும் போகிறது. ஒரு ஜெர்சியின் தரத்தை எடைபோட இந்தக் கணக்கை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீரர்கள் குறை சொன்னால் நிலைமை வேறு. 2017 ஆகஸ்டில் நைக்கி தந்த உடுப்புகள் தரம் குறைந்தவை என்று இந்திய வீரர்கள் முறையிட்டதாகச் செய்தி வந்தது. உச்ச நீதிமன்றம் வாரியத்துக்கு நியமித்திருந்த நிர்வாகக் குழு வரை அந்த முறையீடு போயிற்று. நாடறிந்த வீரர்கள் என்பதால் அது ஒரு கூட்டத்தின் பொருளாகவே ஆனது. அதே சின்னம் பொறித்த சட்டையை வாங்கிய ரசிகருக்கு அப்படி ஒரு மேசை எங்கும் போடப்படவில்லை.

மூன்று விலை, மூன்று துணி

2023இல் அடிடாஸ் இந்திய ஒருநாள் ஜெர்சியை மூன்று விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது: வீரர்கள் அணியும் வகை 4,999 ரூபாய், அதன் நகல் 2,999, எளிய ரசிகர் சட்டை 999. உலகெங்கும் கால்பந்து, கூடைப்பந்து அணிகள் பின்பற்றும் அடுக்குமுறைதான் இது. இதற்கு முன் 2021 அக்டோபரில் எம்.பி.எல். வெளியிட்ட ஜெர்சி 1,799 ரூபாய்க்கு விற்றது.

விலை ஏற ஏறச் சட்டை நீடித்து உழைக்கும் என்று வாங்குபவர் நினைப்பது இயல்பு. உண்மை அப்படி இல்லை. வீரர் வகை ஆட்டக்களத்துக்கென்றே உருவானது. மெல்லிய, காற்றோட்டத் துளைகள் கொண்ட துணி. உடலோடு ஒட்டும் வெட்டு. எடை கூடாதிருக்க வெப்பத்தால் ஒட்டிய சின்னம். வீரருக்கு மாற்றுச் சட்டைகள் கையருகே இருக்கின்றன. அவருடைய ஒரே சட்டை ஐந்து ஆண்டு வரவேண்டிய தேவை இல்லை. நகல் வகையில் துணி சற்றுத் தடிமன், வெட்டு தளர்வு. பல நிறுவனங்கள் சின்னத்தை எம்பிராய்டரியாகத் தைக்கின்றன. வாரம் ஒருமுறை போட்டுத் துவைக்கும் வீட்டுக்கு நடுவிலைச் சட்டையே ஏற்றது. கடையில் இதைச் சொல்லி விற்பவர் மிகக் குறைவு.

999 என்ற விலைக்கும் காரணம் தேட இடமுண்டு. அப்போது ஆயிரம் ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம், அதற்கு மேல் பன்னிரண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரம்பு 2,500 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மேலான ஆடைக்கு வரி பதினெட்டு சதவீதம். ஆகவே இன்று 2,500 ரூபாய்க்கு மேலான வகை வாங்குபவர் முன்பைவிடக் கூடுதல் வரி கட்டுகிறார், ஆயிரத்துக்கும் 2,500 ரூபாய்க்கும் இடைப்பட்ட விலையில் வாங்குபவருக்கு வரி குறைந்திருக்கிறது.

துணி, அச்சு, தையல்

இன்றைய ஜெர்சி ஏறக்குறைய முழுவதும் பாலியெஸ்டர். 2015இல் நைக்கி தந்த இந்தியச் சீருடையில் மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக் பாட்டில்களின் இழை இருந்தது. ஒரு செட்டுக்கு 33 பாட்டில்கள் என்று அந்நிறுவனம் அறிவித்தது. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் பின்னல் வியர்வையைப் பரப்பி விரைவில் உலரவிடும். ஆனால் துணி மலிவானதாகவும் நெருக்கமாகவும் இருந்தால் சென்னை வெயிலில் உடம்பு புழுங்கும். பின்னலின் அடர்த்தியும் நூலின் நுண்மையும்தான் இங்கே விலை பெறுகின்றன. ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடையைத் தொழிலில் ஜி.எஸ்.எம். என்பார்கள். ஜெர்சித் துணி பெரும்பாலும் 130 முதல் 160 ஜி.எஸ்.எம். வரை இருக்கும்.

அச்சில்தான் தரம் கண்ணுக்குத் தெரியும். சப்ளிமேஷன் முறையில் வடிவத்தை முதலில் காகிதத்தில் அச்சிட்டு, வெள்ளை பாலியெஸ்டர் துணியின் மேல் வைத்து ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடும். தடவிப் பார்த்தால் அச்சு கையில் தட்டாது, உரியாது, வெடிக்காது. இந்த முறைக்குத் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு. மற்ற முறைகளில் ரப்பர் போன்ற மையோ வினைல் படலமோ துணியின் மேல் படிகிறது. அழுத்தமும் நேரமும் சரியாக அமைந்தால் அதுவும் நிற்கும். அவசர வேலையில் ஓரம் தூக்கிக்கொள்ளும். முதுகில் உள்ள பெயரும் எண்ணும் பெரும்பாலும் இந்த வகை என்பதால், சட்டை முதலில் கெடுவதும் அங்கேதான்.

ரசிகர் உயிராக நினைப்பதும் அந்த எண்ணைத்தான். 2017 ஆகஸ்டில் கொழும்பில் ஷார்துல் தாக்குர் 10ஆம் எண் சட்டையோடு களமிறங்கியபோது எழுந்த கோபம், சச்சினின் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காத வழக்கத்தில் முடிந்தது. தோனியின் 7ஆம் எண்ணும் அப்படியே ஒதுக்கப்பட்டதாக 2023 டிசம்பரில் செய்தி வந்தது. இவ்வளவு மதிப்புள்ள எண் நான்கு துவைப்பில் சுருண்டுகொண்டால் அதை வெறும் அச்சுப் பிழை என்று கடந்துபோக முடியாது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலின் பெயர் திருப்பூர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்து போகிறது. உலகக் கோப்பைக் கால்பந்து வரும் ஆண்டுகளில் வெளிநாட்டு ரசிகர்களுக்கான டி-சர்ட் ஆர்டர்களும் வருகின்றன. ஊரின் பழைய பலம் பருத்தி பனியன். செயற்கை இழைக்கு அது மெதுவாகவே திரும்பியது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்புக்கு ஊர் மாறியது. ஓவர்லாக், ஃபிளாட்லாக், கைமடி, கழுத்துப் பட்டை, பிசிர் வெட்டு, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரு சட்டை பல கைகளைக் கடக்கிறது. ஏற்றுமதிக்கான சரக்கில் மாதிரி எடுத்துச் சோதித்து, அனுமதித்த அளவுக்கு மேல் குறை இருந்தால் முழு லாட்டையும் திருப்பிவிடுவார்கள். கழிந்ததும் மிஞ்சியதும் காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும். அங்கே தேடத் தெரிந்தவருக்கு நல்ல துணி கிடைக்கும், உரிமச் சின்னம் கிடைக்காது.

சென்னைக்கு வடக்கே உள்ள நிலை வேறு. சோழவரம், அதைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட், மாநில எல்லை கடந்ததும் தடா. அந்தத் தடா வட்டாரத்தில் மாம்பட்டு ஊரில் உள்ள அப்பாச்சி ஆலை அடிடாஸுக்குக் காலணி செய்கிறது. உலகப் பெயர் பொறித்த பொருளைச் செய்பவர்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தும், அதை வாங்குபவர் பெட்டியின் மேல் ஜெர்மானிய நிறுவனத்தின் பெயரைத்தான் பார்க்கிறார். அடிடாஸும் நைக்கியும் தங்களுக்குச் செய்துகொடுக்கும் ஆலைகளின் பட்டியலைப் பொதுவெளியில் வைக்கின்றன. நைக்கி 2005இலேயே அதைத் தொடங்கியது. ஆனால் குறிப்பிட்ட ஒரு சட்டை எந்த ஆலையில் உருவானது என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது.

இலங்கையில் செய்தவரின் பெயர் வெளியே தெரிந்தது. 2019 உலகக் கோப்பைக்கான இலங்கை ஜெர்சியை அந்நாட்டின் பெரிய ஆடை உற்பத்தியாளரான மாஸ் ஹோல்டிங்ஸே செய்தது. கடற்கரையில் சேகரித்த பிளாஸ்டிக்கிலிருந்து நூல் எடுத்து, கடலாமையின் உருவத்தை அதில் வைத்தார்கள். பாராட்டும் குறையும் தைத்தவரிடமே நேராகப் போகும் ஏற்பாடு அது.

ஒரே கையில் எல்லா அணியும்

ஐ.பி.எல்., ஐ.எஸ்.எல். போட்டிகளில் ஒவ்வொரு அணியும் தனித்தனியாகச் சீருடை ஒப்பந்தம் போடுகிறது. அமெரிக்காவில் லீக் முழுவதற்கும் ஒருவரே. தேசியக் கால்பந்து லீக்குக்கு 2012 முதல் நைக்கி, கூடைப்பந்துக்கு 2017 முதல் நைக்கி. நைக்கிக்கு முன்பே, தேசியக் கால்பந்து லீக் ஒரே நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்ததை எதிர்த்து அமெரிக்கன் நீடில் என்ற தொப்பி நிறுவனம் வழக்குப் போட்டது. உரிமம் விற்கும் விஷயத்தில் அணிகள் தனித்தனி நிறுவனங்களே, போட்டிச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும் என்று 2010 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஒரே கையில் எல்லாம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 பேஸ்பால் பருவம் சான்று. நைக்கி வடிவமைத்து ஃபனாட்டிக்ஸ் தைத்த புதிய சீருடையில் முதுகுப் பெயர் சிறுத்துப்போனது, கால்சட்டை உள்ளே தெரியும் அளவுக்கு மெலிந்தது, வியர்வைக் கறை பளிச்சென்று தெரிந்தது. முப்பது அணிகளுக்கும் ஒரே குறை. வீரர் சங்கம் விடாமல் கேட்டதால் பழைய பெரிய எழுத்தும் வேறு மாற்றங்களும் 2025 பருவத்துக்குத் திரும்பின. அதற்குள் அந்தச் சட்டைகளை முழு விலைக்கு வாங்கியிருந்த ரசிகர்கள் ஏராளம்.

சென்னை அணியின் ரசிகருக்கு வேறொரு சிக்கல். 2008 முதல் பெரிதாக மாறாத மஞ்சள் சட்டை 2021 மார்ச்சில் தோள்பட்டையில் இராணுவ வண்ணத்தோடும், சின்னத்தின் மேல் மூன்று கோப்பைகளுக்கு மூன்று நட்சத்திரங்களோடும் வந்தது. அந்த ஆண்டே நான்காம் கோப்பை, 2023இல் ஐந்தாவது. மார்பில் இருந்த விளம்பரப் பெயரும் 2021இல் மிந்த்ரா, 2022இல் டி.வி.எஸ். யூரோகிரிப் என்று மாறியது. துணி கிழியாமலே சட்டை பழசாகிவிடுகிறது.

போலியும் புகாரும்

பதிவான வணிகச் சின்னத்தைப் பொய்யாகப் பொறிப்பவருக்கு 1999 வணிகச் சின்னங்கள் சட்டத்தின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. நடைமுறையில் பிடிபடுவது பெரும்பாலும் நடைபாதை வியாபாரியும் சிறு கிடங்கும்தான். அதிகாரபூர்வச் சட்டை எட்டாத விலையில் இருக்கும் வரை ரசிகர் போலியைத் தேடி வருவது நிற்காது. 999 ரூபாய் வகை அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தது. ஒரு கட்டடத் தொழிலாளியின் பிள்ளைக்கு அதுவும் பெரிய தொகையே.

உரிமம் பெற்ற சட்டையே கெட்டுப்போனால் வழி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அந்த நிலை வராதிருக்கக் கடையில் பார்க்கவேண்டியவை எளியவை. எண்ணின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கிப் பார்க்கலாம். உட்புறத் தையலில் நூல் தொங்குகிறதா, தோள் தையல் இரு பக்கமும் ஒரே அளவா என்று திருப்பிப் பார்க்கலாம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கலாம். வீட்டில் உள்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும், அச்சின் மேல் இஸ்திரி படக்கூடாது. அப்படியும் உரிந்தால் பில்லையும் துணிச்சீட்டையும் படத்தையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.